க்ரிட்டால ரசம் வெச்சேன்: ரெண்டு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ண அனுபவம்

டிசைன் படிப்புல ரெண்டாவது வருஷம் ஒரு அசைன்மென்ட். ஏதாவது ஒரு சமையல எடுத்துக்கிட்டு 45 செகண்டுக்குள்ள அனிமேட்டட் இன்ஃபோகிராஃபிக்கா பண்ணணும், வாய்ஸ் ஓவர் கிடையாது, ஃபோன்ல பார்த்தாலே புரியணும். கிளாஸ்ல பாதிப் பேர் சாண்ட்விச், நூடுல்ஸ்னு எடுத்தாங்க, நான் எங்க அம்மாச்சி வைக்கிற ஈயச்சொம்பு ரசத்த எடுத்தேன், ஏன்னா எனக்கு நல்லாத் தெரிஞ்சது அதுதான். 2023 கடைசில ஆரம்பிச்சேன். அதுக்காக இன்ஸ்டால் பண்ண க்ரிட்டாங்கற, வரையறதுக்கும் அனிமேஷனுக்குமான சாஃப்ட்வேர் இப்ப ஃபைனல் இயர்லயும் லேப்டாப்ல இருக்கு, அதே ரசத்த மொத்தம் மூணு தடவை முதல்லேருந்து வரைஞ்சிருக்கேன், அப்புறம்தான் இத எழுதவே உக்காந்தேன்.

மொத ஸ்டோரிபோர்டு எப்டி இருந்துச்சுன்னா, வழக்கமா நாம பார்க்கற மாதிரிதான். தக்காளி ஐக்கான், புளி ஐக்கான், ஒரு அம்புக்குறி, அடுப்பு ஐக்கான், இன்னொரு அம்புக்குறி, கடைசில கிண்ணத்துல ரசம். லீவுக்கு கும்பகோணம் போனப்ப அம்மாச்சிகிட்ட காட்டினேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு பொறுமையா எல்லாத்தையும் பார்த்துட்டு, "எல்லாம் சரி பாப்பா, எப்ப எறக்கணும்னு இதுல எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விதான் எல்லாத்தையும் மாத்துச்சு. ரசத்துல உயிரே அந்த எறக்கற நேரம்தானே. பருப்புத்தண்ணி ஊத்தி வெளாவினதும் ஓரத்துல மெல்ல நுரை கட்ட ஆரம்பிக்கும், அப்புறம் ஓரத்துலேருந்து நடுவுக்கு ஏறி வரும், நடுவுல மூடப் போற நேரத்துல எறக்கிடணும், தளதளன்னு கொதிக்க விட்டா வாசனை போய்டும், ருசியும் கெட்ரும். இத நீங்க ஒரு படத்துல காட்டவே முடியாது. நம்ம சமையல்ல பாதி இப்படித்தான் இருக்கு, பாகு கம்பி இழுக்கறது, குழம்புல எண்ணெய் பிரிஞ்சு மேல வர்றது, ரவை வறுபட்டு வாசம் வர்றது, எல்லாமே ஒரு நிலைலேருந்து இன்னொரு நிலைக்கு மாறுற இடம், அதுக்குத்தான் பதம்னு பேரு வெச்சிருக்கோம். அளவையும் பொருளையும் போஸ்டர்லயே போட்டுடலாம். பதத்தக் காட்டணும்னா அசையணும். அதனால 45 செகண்டுல பொருள் லிஸ்ட்டுக்கு 9 செகண்டுதான் குடுத்தேன், மீதி எல்லாம் அடுப்பு மேலதான்.

லிஸ்ட்டுலயும் ஒரு விஷயம் கண்டுபிடிச்சேன். அம்மாச்சி சொல்ற அளவு எல்லாமே ஏற்கெனவே படம்தான். நெல்லிக்காய் அளவு புளி, ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம், அஞ்சு பல் பூண்டு. நான் மொதல்ல இத எல்லாம் கிராமுக்கு மாத்தி நம்பரா போட்டு வெச்சிருந்தேன், அது அவங்க சமையல் மாதிரியே இல்ல, எதோ மருந்துச்சீட்டு மாதிரி இருந்துச்சு. அப்புறம் நெல்லிக்காயவே வரைஞ்சு அது அப்படியே சுருங்கி புளி உருண்டையா மாறுற மாதிரி 10 ட்ராயிங் பண்ணினேன். கிளாஸ்ல காட்டினப்ப நாக்பூர்லேருந்து வந்திருந்த ஒரு ஃப்ரெண்டு எந்த நெல்லிக்காய்னு கேட்டா, பெருநெல்லியா அரைநெல்லியான்னு, நியாயமான கேள்வி. பக்கத்துல ஒரு டேபிள் ஸ்பூன் வரைஞ்சதும் சைஸ் புரிஞ்சிருச்சு. நம்பர் போட்ட இடம் மிளகும் சீரகமும் மட்டும், ரெண்டும் தலா 1 ஸ்பூன்.

சொம்பப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா இந்த இன்ஃபோகிராஃபிக் நெஜமாவே ஒருத்தருக்கு உபயோகப்படணும்னா இந்த இடம் தப்பாகவே கூடாது. ஈயச்சொம்புன்னு சொன்னாலும் அது வெள்ளீயம், காரீயம் வேற, அது விஷம், ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாது, காரீயம் கலக்காத சொம்பா நம்பிக்கையான கடைல பார்த்து வாங்கணும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும். உள்ள தண்ணி இருக்கற வரைக்கும் சொம்போட சூடு 100 டிகிரிய ஒட்டியே நிக்கும், காலிச் சொம்ப அடுப்புல வெச்சா கொஞ்ச நேரத்துல அடி உருகி ஓட்டையாயிடும். அதனால மொத ஷாட்லயே புளித்தண்ணி சொம்புக்குள்ள விழுந்து முடிஞ்சப்புறம்தான் அடுப்பு பத்தும், ஃப்ளேமும் அடியத் தாண்டி மேல ஏறாது. மொத வெர்ஷன்ல நான் அடுப்பப் பத்த வெச்சுட்டு சொம்ப வெச்சிருந்தேன், பார்க்க அழகா இருந்துச்சு, ஆனா பார்த்துட்டு யாராவது அப்படியே செஞ்சா சொம்பு போய்டும். தாளிக்கறது தனிக் கரண்டிலதான், அதுக்கும் தனி ஷாட்.

ரெஃபரன்ஸுக்கு அம்மாச்சி நாலு நாள் தொடர்ந்து ரசம் வெச்சாங்க, நான் ஸ்டூல் மேல நின்னு மேலேருந்து ஃபோன்ல எடுத்தேன். வீட்ல எல்லாருக்கும் நாலு நாளும் ரசஞ்சோறு. நுரை ஓரத்துல ஆரம்பிச்சு நடுவ மூட கிட்டத்தட்ட 40 செகண்டு ஆச்சு. அத 4 செகண்டுக்குள்ள சுருக்கணும், அதேசமயம் வேகமா பொங்குற மாதிரியும் தெரியக்கூடாது. மெதுவா ஆரம்பிச்சு கடைசில வேகம் எடுக்குதுன்னு வீடியோவ ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்திப் பார்த்தப்பதான் புரிஞ்சுது, அந்த வேக மாத்தத்த மட்டும் காப்பாத்திட்டா போதும், சுருக்கினாலும் கண்ணு நம்பிடுது.

இப்ப க்ரிட்டாவுக்கு வர்றேன். சுத்தமா ஃப்ரீ, விண்டோஸ் லினக்ஸ் மேக் மூணுலயும் ஓடும், ஸ்டூடன்ட் லைசென்ஸ் முடிஞ்சா என்ன பண்றதுங்கற கவலையே இல்ல. 5.0 வெர்ஷன்லேருந்து ஸ்டோரிபோர்டு பேனல் உள்ளயே இருக்கு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் எத்தன செகண்டுன்னு அங்கயே எழுதிக்கலாம், அசைன்மென்ட்டுக்கு நான் தனியா பேப்பர்ல ஸ்டோரிபோர்டு போடவே இல்ல. ஆனியன் ஸ்கின்ல முன்னாடி ஃப்ரேமும் பின்னாடி ஃப்ரேமும் வேற வேற கலர்ல மங்கலா தெரியும், நுரை மாதிரி வடிவமே இல்லாத ஒண்ண வரையறப்ப அது இல்லாம நான் தொலைஞ்சிருப்பேன். செகண்டுக்கு 24 ஃப்ரேம் வெச்சு ஒவ்வொரு ட்ராயிங்கையும் ரெண்டு ஃப்ரேம் நிக்க விட்டேன், அனிமேஷன்காரங்க ரொம்ப காலமா பண்றதுதான், அதனால நுரை ஷாட்டுக்கு 48 ட்ராயிங். மூணு நைட்டு ஆச்சு.

கஷ்டப்பட்டது மெமரிலதான். என்னோடது 8 ஜிபி ரேம் லேப்டாப். கணக்குப் போட்டுப் பாருங்க, 1080க்கு 1920 சைஸ், பிக்சலுக்கு 4 பைட்டுன்னா ஒரு ஃப்ரேமே 8 எம்பிக்கு மேல வருது, 45 செகண்டுக்கு 1080 ஃப்ரேம், எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு ப்ளே பண்ணினா 9 ஜிபி பக்கம் கேக்கும், எங்கேருந்து வரும்? லேப்டாப் உறைஞ்சு நின்னு, சேவ் பண்ணாத ரெண்டு மணி நேர வேலை போச்சு, அன்னிக்கு நைட்டு அழுதேன். அப்புறம் செட்டிங்ஸ்ல பெர்ஃபாமன்ஸ் பகுதில அனிமேஷன் கேஷ, அதாவது ப்ளே பண்றதுக்காக தற்காலிகமா சேர்த்து வெக்கற ஃப்ரேமையெல்லாம், ரேம்லேருந்து டிஸ்க்குக்கு மாத்துற ஆப்ஷனப் பார்த்தேன், மாத்தினதும் மூச்சு விட முடிஞ்சுது. அதவிட முக்கியமா 45 செகண்ட 9 ஃபைலா பிரிச்சுட்டேன், ஃபைலுக்கு 5 செகண்டு. கன்ட்ரோல் ஆல்ட் எஸ் அழுத்தினா ஒவ்வொரு தடவையும் புது நம்பரோட தனி ஃபைலா சேவ் ஆகும், இப்ப என் விரல் தானா அங்க போய்டுது. எக்ஸ்போர்ட்டும் நேரா வீடியோவா எடுக்கறதில்ல, பிஎன்ஜி படங்களா எடுத்து கேடென்லைவ்ங்கற வீடியோ எடிட்டர்ல ஒண்ணு சேர்த்து சத்தம் போடறேன், நடுவுல எது நின்னு போனாலும் அதுவரைக்கும் வந்த படம் பத்திரமா இருக்கும். கடுகு வெடிக்கற சத்தம் எங்க வீட்டு அடுப்பங்கரைல ஃபோன்லயே ரெக்கார்டு பண்ணினது.

தமிழ் எழுத்துதான் நான் எதிர்பார்க்காத இடத்துல மாட்டி விட்டுச்சு. மொதல்ல லேப்ல இருந்த காசு குடுத்து வாங்குற ஒரு சாஃப்ட்வேர்ல எழுத்த மட்டும் பண்ணலாம்னு போனேன். "கொத்தமல்லி"ன்னு டைப் பண்ணினா கொம்பு ஒரு பக்கம் துணைக்கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்குது. தெற்காசிய மொழிகளுக்குன்னு தனியா ஒரு டெக்ஸ்ட் எஞ்சின் ஆப்ஷன் உள்ள இருந்துச்சு, அத ஆன் பண்ணினதும் எழுத்து சேர்ந்துச்சு, ஆனா ஒவ்வொரு எழுத்தா வர்ற அனிமேஷன் போட்டதும் திரும்பவும் ஒடைஞ்சுது. காரணம் என்னன்னா, யூனிகோடுல கொ-ங்கறது க ஒரு குறியீடு, அதோட ஒட்டற ஒகரக் குறி இன்னொரு குறியீடு, நம்ம கண்ணுக்கு ஒரே எழுத்து, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. அதனால "உப்பு" வர்றப்ப மொதல்ல "உப", அப்புறம் புள்ளி வந்து "உப்", அப்புறம் "உப்ப", கடைசிலதான் "உப்பு"ன்னு ஆகுது, படிக்கறவங்களுக்கு ஒரு செகண்டு தடுமாறும். இங்கிலீஷ் எழுத்துக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, அதனால டுட்டோரியல்லயும் யாரும் சொல்றதில்ல.

நான் கண்ட வழி இதுதான். எழுத்த இங்க்ஸ்கேப்ங்கற வெக்டர் வரையற சாஃப்ட்வேர்ல டைப் பண்ணுவேன், அங்க தமிழ் ஒழுங்கா சேரும், அத எழுத்தா இல்லாம வெறும் கோட்டு வடிவமா மாத்தி பிஎன்ஜியா எடுத்து க்ரிட்டாவுக்குக் கொண்டு வருவேன், எழுத்து எழுத்தா வராம சொல் சொல்லா வரும். ஃபான்ட்டு முக்தா மலர். கேட்டமரான் ரொம்பப் பிடிக்கும், ஆனா அதுல மெல்லிசான லைட் வெயிட் வெச்சா சின்ன ஸ்க்ரீன்ல புள்ளி காணாமப் போச்சு, முக்தா மலர் செமிபோல்டுல எல்லாப் புள்ளியும் நின்னுச்சு. தமிழ் சொல் நீளம்ங்கறதால ஸ்க்ரீன்ல நிக்கற நேரமும் கூடுதலா வேணும், நான் ஒவ்வொரு வரியையும் மெதுவா வாய்விட்டு ரெண்டு தடவை படிச்சு அந்த நேரம் நிக்க விடறேன். கடைசில "பச்சை வாசனை போனதும்", "நுரை கூடினதும்"னு மூணு சொல்லத் தாண்டாம எல்லா வரியையும் சுருக்கிட்டேன்.

பச்சை வாசனைன்னதும் ஞாபகம் வருது, வாசனைய எப்டி வரையறது? இதுல ரெண்டு வாரம் போச்சு. மூக்கு வரைஞ்சு பார்த்தேன், டைமர் போட்டுப் பார்த்தேன். டைமர் பொய் சொல்லுது, ஏன்னா எங்க வீட்ல ஒரு நாள் 8 நிமிஷம் ஆச்சு, இன்னொரு நாள் 11. கடைசில ஆவிய மாத்தினேன். ஆரம்பத்துல ஆவி பச்சையா, கோணல் கோணலா, கூரா மேல குத்திக்கிட்டு போகும், கொதிக்கக் கொதிக்க கோடு வளைஞ்சு, நிறம் மாறி, இளம் பழுப்புல உருண்டு உருண்டு ஏறும். ஒரு வார்த்தை எழுதல. அம்மாச்சி பார்த்ததும் சரியா அந்த ஃப்ரேம் வர்றப்ப "ஆங், இப்ப பருப்புத்தண்ணிய ஊத்து"ன்னாங்க. எனக்கு மார்க் வந்த அன்னிக்குக் கூட அவ்ளோ சந்தோஷம் இல்ல.

ரெண்டாவது வெர்ஷன் மூணாவது வருஷம் பண்ணினது, அதுல சொம்பு சாயறது, கரண்டி கவுறது மாதிரி வடிவம் மாறாத அசைவுக்கெல்லாம் ஃப்ரேம் ஃப்ரேமா வரையாம ட்ரான்ஸ்ஃபார்ம் மாஸ்க்ல கீ ஃப்ரேம் வெச்சேன், அதாவது ஆரம்பமும் முடிவும் மட்டும் குடுத்தா நடுவுல இருக்கற அசைவ சாஃப்ட்வேரே பண்ணிடும், வேலை பாதியாச்சு. ஆனா அந்த ஷாட்டெல்லாம் கொஞ்சம் வழுக்கிக்கிட்டு போற மாதிரி இருந்துச்சு, பக்கத்துலயே கைல வரைஞ்ச நுரை இருக்கறதால வித்தியாசம் அப்பட்டமா தெரிஞ்சுது. இப்ப மூணாவது வெர்ஷன்ல சொம்புக்கு மட்டும் கீ ஃப்ரேம், அதையும் ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு தடவை நகர்ற மாதிரி வெச்சிருக்கேன், தண்ணி, நுரை, ஆவி, கடுகு நாலும் கைலதான். கறிவேப்பிலைய முழு இணுக்கா போட்டிருந்தேன், கிள்ளித்தான் போடணும்னு அம்மாச்சி சொன்னாங்க, அதுக்கு 6 ட்ராயிங் சேர்த்தேன்.

யாருக்கு க்ரிட்டா சரிப்படும்னு கேட்டா, கைல வரைய ஆசை இருக்கறவங்களுக்கு. பார் சார்ட் வளர்றது, நம்பர் ஓடறது, ஐக்கான் துள்ளறதுதான் உங்க இன்ஃபோகிராஃபிக்னா இதுல போய் கஷ்டப்படாதீங்க, மோஷன் கிராஃபிக்ஸுக்குன்னே இருக்கற சாஃப்ட்வேர்தான் அதுக்கு வசதி. ஸ்க்ரீன் இல்லாத சாதா பென் டேப்லெட்டே போதும், கை ஒரு எடத்துல கண்ணு ஒரு எடத்துலன்னு மொத மூணு வாரம் கோடே நேரா வராது, அப்புறம் பழகிடும், நிப்பு மட்டும் தேயத் தேய மாத்திடுங்க, தேஞ்ச நிப்பு டேப்லெட்ல கீறல் போட்ரும். காசு இருந்தா ஸ்க்ரீன் டேப்லெட்டுக்கு முன்னாடி ரேம 16 ஜிபி ஆக்குங்க, நான் போன வருஷம் ஆக்கினேன், இப்ப 5 செகண்டு ஷாட்டு தடங்கலே இல்லாம ஓடுது.

அடுத்து அதிரசப் பாகு. தண்ணில ஒரு சொட்டு விட்டா மொதல்ல கரையும், அப்புறம் அடில போய்ப் படியும், அப்புறம் விரலால ஒதுக்கினா மெத்துனு உருண்டு வரும், அந்த மூணாவதுதான் பதம். கரையற சொட்ட வரைஞ்சு முடிச்சிருக்கேன், 14 ட்ராயிங். உருள்றத வரைய தீபாவளி லீவுக்காக வெயிட் பண்றேன், அம்மாச்சி விரலப் பார்த்துத்தான் வரையணும்.