டேகெட்: தமிழ் நேர்காணல்களுக்கு இந்த இலவச மென்பொருள் போதுமா?

பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடத்தில் குவாலிடேட்டிவ் பிராஜெக்ட் (எண்களை விட்டுப் பேச்சை அலசும் ஆய்வு) என்று முடிவானதும் வகுப்பில் முதலில் எழும் கேள்வி, "என்விவோ யார்கிட்ட இருக்கு?" என்பதுதான். என்விவோ என்பது நேர்காணல்களை அலச உதவும் கட்டண மென்பொருள். அதன் இலவச டிரையல் சில நாள்தான். அந்த நாள்களில் பாதி, எந்த மெனு எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும். ஆறிலிருந்து பத்து பேரிடம் நேர்காணல் எடுத்து தீமாட்டிக் அனாலிசிஸ் (பலர் பேச்சிலும் திரும்ப வரும் கருத்துகளை, அதாவது தீம்களைத் தேடுவது) செய்கிற இளநிலை மாணவருக்கு அவ்வளவு பெரிய சாமான் தேவையில்லை. டேகெட் போதும். கட்டணம் கிடையாது, ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அது செய்யும் வேலை மிகக் குறைவு என்பதுதான் முதல்முறை கற்பவருக்கு அதன் பெரிய வசதி. டிரான்ஸ்கிரிப்டில், அதாவது நேர்காணலை எழுத்தாக்கிய கோப்பில், ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு டேக் கொடுக்கலாம், ஒரே டேக் உள்ள பகுதிகளை ஒன்றாகப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

கணினியில் நிறுவித் திறந்தால் தனி ஜன்னல் வராது, உங்கள் பிரவுசரிலேயே ஒரு பக்கமாகத் திறக்கும். அதைப் பார்த்து "நெட்டில் ஏறிவிட்டதோ" என்று பயப்பட வேண்டாம். எல்லாம் உங்கள் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது, நெட் இல்லாமலும் ஓடும். கல்லூரி லேபில் நிறுவ அட்மின் பாஸ்வேர்டு கேட்கலாம் என்பதால் லேப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆன்லைன் பதிப்பும் உண்டு. அதில் குழுவாகச் சேர்ந்து ஒரே பிராஜெக்டில் வேலை செய்யலாம். ஆனால் நேர்காணல் அப்போது வெளியார் சர்வருக்குப் போகிறது. ஒப்புதல் படிவத்தில் "பதிவுகள் ஆய்வாளரின் கணினியில் மட்டும் இருக்கும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு ஆன்லைனில் ஏற்றுவது சொன்ன வாக்கை மீறுவது. இரண்டில் எது என்று எதிக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

வேர்டு, பி.டி.எஃப்., ஓ.டி.டி., சாதா டெக்ஸ்ட் என்று பல வகைக் கோப்புகளை ஏற்கும். தமிழ் யூனிகோடாக இருந்தால் சிக்கல் இல்லை. சிக்கல் வருவது டைப்பிங் கடைக்குக் கொடுத்து வாங்கும் டிரான்ஸ்கிரிப்டில். திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பக்கத்துக் கடைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கைபழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கோப்பு வேர்டில் தமிழாகத் தெரியும். டேகெட்டில் ஏற்றினால் முழுக்க ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரியும். காரணம், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டுமே. கொடுக்கும்போதே "யூனிகோடில் வேணும்" என்று சொல்லுங்கள். வாங்கியதும் ஒரு வரியை வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் சரி.

கடைக்குக் கொடுப்பதில் இன்னொரு வம்பும் உண்டு. "போயிட்டிருந்தேன்" என்று பேசியதை "சென்றுகொண்டிருந்தேன்" என்று திருத்தி, தயங்கிய இடங்களை நீக்கி, சுத்தமான கட்டுரையாக்கித் தந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் தொழில் அது. ஆனால் அலசுவதற்கு உரிய பாதி விஷயம் அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. தவிர, ரகசியம் காப்பதாகச் சொல்லி வாங்கிய பதிவை மூன்றாம் ஆளிடம் கொடுப்பதையும் படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

முடிந்தவரை நீங்களே அடியுங்கள். ஓடிரான்ஸ்கிரைப் என்ற இலவசத் தளம் இதற்குக் கச்சிதம். ஆடியோவை எங்கும் ஏற்றாமல் பிரவுசருக்குள்ளேயே ஓட்டும். எஸ்கேப் விசையில் நிறுத்தி ஓட்டலாம், எஃப்1-ல் பின்னே போகலாம், கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் நேரக்குறி விழும். ஆனால் அடித்ததும் பிரவுசரிலேயே சேமிக்கப்படுவதால், ஹிஸ்டரியையும் சைட் டேட்டாவையும் துடைத்தால் டிரான்ஸ்கிரிப்டும் போகும். ஒவ்வொரு முறை எழும்போதும் எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. தமிழும் ஆங்கிலமும் கலந்த சென்னைப் பேச்சில், இரண்டு விசைப்பலகைக்கும் மாறி மாறித் தாவ வேண்டும் என்பதால், இன்னும் கூடும். பதிவு எடுக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்தி, போனைப் பேசுபவர் பக்கம் வைத்தால் இந்த நேரம் கணிசமாகக் குறையும். கேன்டீனும் டீக்கடையும் நேர்காணலுக்கு வேண்டவே வேண்டாம்.

ஏற்றும் முன் கடைசியாக ஒன்று. டேகெட்டுக்குள் வந்த ஆவணத்தின் வாசகத்தை அங்கே திருத்த முடியாது. எழுத்துப்பிழையோ மறைக்க மறந்த பெயரோ இருந்தால் வெளியே திருத்தி, மறுபடி ஏற்றி, டேக் எல்லாம் மறுபடி போட வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. எந்த ஊர், எந்தக் கல்லூரி, அப்பாவுக்கு எந்தத் தொழிற்சாலையில் வேலை என்ற மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கோப்புக்கு "பங்கேற்பாளர் 03" என்பதுபோலப் பெயர் வையுங்கள். பின்னால் மேற்கோள்களை எடுக்கும்போது எது யார் சொன்னது என்பதை அந்தப் பெயரை வைத்துத்தான் அறிய முடியும்.

இனி கோடிங், அதாவது பகுதிகளுக்கு டேக் போடும் வேலை. புதிய பிராஜெக்ட் தொடங்கியதும் 'இன்ட்ரஸ்டிங்' என்ற பெயரில் ஒரு டேக் தயாராக இருக்கும். அதை முதலில் நீக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் யோசிக்கச் சோம்பல் வரும்போதெல்லாம் எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடுவார்கள்.

ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வரும் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வீட்ல கேட்டா காலேஜ் நல்லா போகுதுன்னு சொல்லிடுவேன். அப்பாவே நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து படுப்பாரு. அவர்கிட்ட போய் கிளாஸ் புரியலன்னு எப்படிச் சொல்றது?"

பெரும்பாலானோர் இதற்குப் போடும் டேக் 'குடும்பம்'. எட்டு நேர்காணல் முடியும்போது அந்த டேகில் அப்பா திட்டியது, அம்மா நகையை அடகு வைத்தது, தம்பியின் படிப்பு எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடக்கும். அதிலிருந்து தீம் எதுவும் வராது. 'குடும்பம்' என்பது எதைப் பற்றிப் பேசினார் என்று மட்டும் சொல்கிறது, என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. 'அப்பாவின் களைப்பைப் பார்த்துத் தன் சிரமத்தை மறைத்தல்' என்று வையுங்கள். நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். டேகின் கீழே விளக்கம் எழுத ஓர் இடம் இருக்கிறது, மாணவர்கள் அதைத் தொடுவதே இல்லை. "பெற்றோருக்குப் பாரமாகக் கூடாது என்று மறைப்பது மட்டும். திட்டுவார்கள் என்ற பயத்தில் மறைப்பது இதில் வராது" என்று இரண்டு வரி எழுதிவைத்தால், மூன்று வாரம் கழித்துப் பார்க்கும்போதும் குழப்பம் வராது. டேகுகளும் விளக்கங்களும் அடங்கிய பட்டியலான கோட்புக் தானாகவே உருவாகிவிடும், எக்செலில் அப்படியே எடுத்து அனுபந்தத்தில் சேர்க்கலாம்.

"எப்படிச் சொல்றது?" என்ற இரண்டு சொல்லை மட்டும் ஹைலைட் செய்தால் பின்னால் தனியாகப் படிக்கும்போது ஒன்றும் விளங்காது. மூன்று வாக்கியத்தையும் சேர்த்து எடுங்கள், தேவைப்பட்டால் கேள்வியையும் சேருங்கள். ஒரே பகுதிக்குப் பல டேக் போடலாம். ஒரே பொருளில் இரண்டு டேக் உருவாகிவிட்டால் இணைக்கும் வசதியும் இருக்கிறது.

தீமாட்டிக் அனாலிசிஸுக்கு உளவியல் ஆய்வாளர்கள் பிரவுனும் கிளார்க்கும் 2006-ல் வகுத்த ஆறு கட்டங்களில், டேகெட் உண்மையில் உதவுவது இரண்டாம் கட்டமான கோடிங்கில்தான். தீம்களைத் தேடிச் சரிபார்க்கும் மூன்றாம், நான்காம் கட்டங்களில் ஒரு டேகின் மேற்கோள்களை எல்லாம் வேர்டு கோப்பாக எடுத்து, அச்சடித்து, மேசையில் பரப்பி நகர்த்திப் பார்ப்பதுதான் சரியாக வருகிறது. சி.எஸ்.வி.யாக எடுத்து எக்செலில் திறந்தால் தமிழ் சிதைந்து வரக்கூடும், எக்செல் வடிவத்திலேயே எடுங்கள்.

குறைகள் உண்டு. மெமோ எழுத இடமில்லை என்பதுதான் பெரிய குறை. கோடிங் செய்யும்போது தோன்றுவதைத் தனி நோட்டிலோ வேர்டு கோப்பிலோ தேதி போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் கிரவுண்டட் தியரி செய்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல், அவர்கள் இலவசமாகவே கிடைக்கும் குவால்கோடர் என்ற மென்பொருளுக்குப் போகலாம். அதில் மெமோ, ஜர்னல் இரண்டும் உண்டு, ஆடியோவையே நேரடியாகக் கோடிங் செய்யலாம். ஆனால் நிறுவுவதும் பழகுவதும் டேகெட் அளவுக்குச் சுலபமில்லை. டேகெட்டை போனில் பயன்படுத்த முயலாதீர்கள், வரியைத் தேர்ந்தெடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இருவர் போட்ட கோடிங் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா என்ற எண்ணைக் கணக்கிடும் வசதியும் இல்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "கப்பா எவ்வளவு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரிஃப்ளெக்சிவ் தீமாட்டிக் அனாலிசிஸில் ஆய்வாளரின் வாசிப்பே கருவி என்பதால் கப்பா அங்கே பொருந்தாது என்று பிரவுனும் கிளார்க்குமே சொல்கிறார்கள். உங்கள் முறை அதுதான் என்றால் மெத்தட்ஸ் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். கைடு கோட்புக் முறையைத்தான் கேட்கிறார், ஒப்பீட்டு எண் வேண்டும் என்கிறார் என்றால், இருவரும் தனித்தனியாகக் கோடிங் செய்ததை எக்செலில் எடுத்து வெளியே கணக்கிட வேண்டியதுதான்.

பேக்கப்புக்கு, பிராஜெக்ட் முழுவதையும் ஒரே எஸ்க்யூலைட் (டேட்டாபேஸ்) கோப்பாக எடுக்கலாம். வாரம் ஒருமுறை எடுத்து, பாஸ்வேர்டு போட்ட பென் டிரைவில் வையுங்கள். வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் போடவே போடாதீர்கள், அதற்குள் டிரான்ஸ்கிரிப்டும் முழுசாக இருக்கிறது.