வீடியோவா, அட்டையா, குரலா: சமையல் பழகும் செயலிக்கு எது சரி?

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, பி.ஜி. சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போய், நாலு பேர் சேர்ந்து ஈஜிபுராவிலோ மாரத்தஹள்ளியிலோ ஒரு வீடு பிடித்து, முதல் தடவையாக அடுப்படிக்குள் போகிற தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்து ஒரு செயலி செய்ய வேண்டும். அதன் திரை எப்படி இருக்க வேண்டும்? என்னைப் போல வடிவமைப்பு வேலையில் இருப்பவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் மூன்று கட்சி பிரியும். முழு வீடியோ போதும் என்பது ஒன்று. திரையில் ஒரு வேலைக்கு ஓர் அட்டை, விரலால் தள்ளிக்கொண்டே போகலாம் என்பது இன்னொன்று. போனைத் தொடவே வேண்டாம், எல்லாம் குரலில் நடக்கட்டும் என்பது மூன்றாவது.

நான் அட்டைக் கட்சி. ஆனால் வழக்கமாகப் பார்க்கிற அட்டை எனக்குப் பிடிக்காது. ஏன் என்று சொல்லத் தாளிப்பை எடுத்துக்கொள்கிறேன். மூன்றையும் சோதிக்க அதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது.

எண்ணெய் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும். வெடிப்பு அடங்கும் நேரத்தில் உளுத்தம்பருப்பு. அது சிவக்கத் தொடங்கும்போது காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். உடனே இறக்கிவிட வேண்டும். கடுகு விழுந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒரு நிமிடம் ஆனாலே அதிகம். பருப்பு சிவந்த பிறகு கொஞ்சம் அசந்தால் கருகிவிடும், கருகினால் ரசம் முழுக்கக் கசக்கும்.

என் அறை நண்பன் வீடியோ பார்த்துத் தாளித்த அழகைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இடது கையில் குக்கர் மூடி, முகத்தில் எண்ணெய் தெறிக்காமல் இருக்க. வலது கையில் கடுகு டப்பா. வீடியோவில் அக்கா பருப்புக்குப் போய்விட்டார். இவனுடைய எண்ணெய் இன்னும் காயவே இல்லை. தக்காளி பிசைந்த ஈரக் கையின் சுண்டு விரலால் திரையைத் தட்டினான். நிற்க வேண்டிய வீடியோ பத்து நொடி முன்னால் குதித்தது. “டேய், நீ வந்து அமுக்குடா!” என்று கத்தினான். நான் அமுக்கி நிமிர்வதற்குள் கடுகு வெடித்துத் தரையெல்லாம் சிதறிவிட்டது. பருப்பு டப்பாவின் மூடி இறுகிப்போய்த் திறக்கவில்லை.

இதில் அவன் தப்பு எதுவும் இல்லை. தொடுதிரை விரலின் மின்தன்மையை வைத்துத்தான் தொடுதலை அறிகிறது; தண்ணீர்த் துளியும் அதே வேலையைச் செய்யும், அதனால் ஈரக் கைக்கு அது கண்டபடி நடந்துகொள்ளும். இன்னொரு பிரச்சினை வீடியோவை வெட்டி ஒட்டுவது. வெங்காயம் பொன்னிறமாக வதங்கப் பத்து நிமிடம் ஆகும் என்றால் வீடியோவில் மூன்று நொடியில் ஆகிவிடும். அனுபவம் உள்ளவர் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்வார். புதியவர், நம்முடையது ஏன் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது என்று தீயைக் கூட்டிவிடுவார். வீடியோ சமைப்பதற்கு முன்னால் பார்க்க நல்லது. சமைக்கும்போது அது கூட வருவதில்லை, முன்னால் ஓடிவிடுகிறது.

சரி, வழக்கமான அட்டை? “கடுகு, உளுத்தம்பருப்பு தாளிக்கவும்” என்று ஒரு வரி. தாளிக்கத் தெரிந்தவனுக்கு அட்டையே தேவையில்லை! இல்லாவிட்டால் ஐந்து பொருளுக்கு ஐந்து அட்டை போட்டிருப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குள் ஐந்து தடவை தள்ள வேண்டும். இலக்கண வாக்கியத்தை வைத்து அட்டையைப் பிரித்தால் இப்படித்தான் ஆகும். கை எப்போது ஓய்கிறதோ அங்கேதான் பிரிக்க வேண்டும். தாளிப்புக்கு முன்னால் ஓர் அட்டை: டப்பாக்களின் மூடி திறந்திருக்கிறதா, கறிவேப்பிலையின் ஈரம் துடைத்தாயிற்றா, தாளிப்பைக் கொட்ட வேண்டிய பாத்திரம் பக்கத்தில் இருக்கிறதா. அப்புறம் முழுத் தாளிப்புக்கும் ஒரே அட்டை. அதில் நான்கு நொடிப் படத் துணுக்கு ஒன்று, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும்: பருப்பு எந்த நிறத்துக்கு வந்தால் இறக்க வேண்டும் என்பது மட்டும். பக்கத்தில் சின்னதாகக் கருகிப்போன பருப்பின் படம். வெடிக்கிற சத்தமும் இருந்தால் இன்னும் நல்லது. தாளிப்பில் பாதி வேலை காதுக்குத்தான்.

அட்டைக்காரர்கள் செய்யும் இன்னொரு தவறு பதத்தை விட்டுவிட்டு நிமிடத்தைப் பிடித்துக்கொள்வது. “மிதமான தீயில் 2 நிமிடம்” என்றால் எந்த அடுப்பில்? வாடகை வீட்டுப் பிள்ளைகள் பலரிடம் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. அவற்றில் பல, குறைந்த அளவில் வைத்தால் விட்டு விட்டுத்தான் சூடாக்கும். கேஸ் அடுப்பின் சிம் மாதிரி சீராக இருக்காது. அடி மெலிந்த பாத்திரமாக இருந்தால் நடுவில் மட்டும் பிடித்துக்கொள்ளும். அதனால் செயலி முதலில் கேட்க வேண்டியது பெயரையும் மின்னஞ்சலையும் அல்ல, எந்த அடுப்பு, எத்தனை லிட்டர் குக்கர் என்பதை.

ஊரும் கணக்கில் வரும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையிலிருந்து அம்மா போனில் சொன்ன நேரத்துக்குத் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவில்லை என்றால் பருப்பைத் திட்ட வேண்டாம். குக்கரில் இந்த வித்தியாசம் தெரியாது. அங்கே வேறு தொல்லை, விசில். தீ, தண்ணீர், குக்கரின் அளவு எது மாறினாலும் விசிலுக்கு விசில் இடைவெளி மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு அங்கிருந்து நிமிடம் எண்ணச் சொல்வதே செயலிக்கு உருப்படியான வழி. மைக்கை வைத்து விசிலை எண்ணலாம் என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. பக்கத்து வீட்டு விசிலையும் சேர்த்து எண்ணும்.

குரல் கட்சிக்கு வருவோம். கேட்க அருமையாக இருக்கும் யோசனை. மிக்சி ஓடும்போது, புகைபோக்கி விசிறி இரையும்போது “அடுத்தது”, “இன்னொரு வாட்டி சொல்லு” என்பதெல்லாம் அதற்கு எட்டாது. பொன்னிறம் என்று சொல்லத்தான் அதற்கு முடியும், காட்ட முடியாது. ஆனால் குரலை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கம் பிறந்து வளர்ந்த பலர் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும், தமிழ் எழுத்துக் கூட்ட வராது. அவர்களுக்கு அட்டையைச் செயலி வாசித்துக் காட்டினால் பெரிய உதவி. அதாவது செயலி பேசட்டும், நம் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டாம்.

நேரம் முடிந்ததும் செயலி மணி அடிக்கும் விஷயத்தில் மூன்று கட்சிக்கும் ஒரே ஆபத்து. பருப்பு வேகும் நேரத்தில் யார் செயலியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? வாட்ஸ்அப் போய்விடுவார்கள், திரையும் அணைந்துவிடும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சும்மா கிடக்கும் போனில் பின்னணி வேலைகளை மின்கலச் சிக்கனத்துக்காகத் தள்ளிப்போடுகிறார்கள், அதனால் மணி நேரத்துக்கு அடிக்காமல் போகலாம். ஆண்ட்ராய்டு 14-இல் துல்லியமான அலாரத்துக்கான அனுமதியும் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்குத் தானாகக் கிடைப்பதில்லை, பயனரிடம் கேட்டு வாங்க வேண்டும். முதல் குக்கர் ஏறும் நேரத்தில், காரணத்தைச் சொல்லிக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அளவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கிராம் வேண்டாம், வீட்டில் தராசு இருக்காது. எந்த டம்ளரில் அரிசி அளந்தார்களோ அதே டம்ளரில் தண்ணீர், அவ்வளவுதான்.

ஆயிரம் ரெசிப்பி கொண்ட நூலகமா, பாடத்திட்டமா என்ற சண்டையும் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்குப் பசியோடு வருபவனுக்குப் பாடம் எடுக்க முடியாது. ஆயிரத்தைக் கொட்டினால் கடைசியில் ஸ்விக்கியைத் திறப்பான். எனக்குப் பட்டது, பாடத்தை மெனுவுக்குள் ஒளித்து வைப்பது. முதலில் சாதம். அடுத்து எலுமிச்சை சாதம், தாளிப்பு அதில் வந்துவிடும். பிறகு ரசம்: நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் புதிது. கூட்டு, அதன்பின் சாம்பார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புது வித்தை.

இந்த அட்டை முறையில் செலவு பிடிக்கும் இடம் அந்தப் படத் துணுக்குகள். கேஸுக்கும் இண்டக்‌ஷனுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒளிப்பதிவாளருக்குக் கறுப்பு நான்ஸ்டிக் வாணலிதான் பிடிக்கும், பளபளப்பு அடிக்காது என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். கறுப்பு வாணலியில் கடுகு கண்ணுக்கே தெரியாது. எவர்சில்வர் வாணலியில் எடுக்கச் சொல்லுங்கள்.