நோயாளர் இல்லச் சந்திப்புப் பணி: 14 மாத அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலைக்கு வந்தபின், ஞாயிறு திருப்பலிக்கு (கத்தோலிக்க ஆலய வழிபாட்டுக்கு) செல்வதும் எனக்கு இயலாமல் போனது. நோயாளரின் வீடு தேடி வந்து, இயேசுவின் உடலாக நாங்கள் உட்கொள்ளும் அப்பமான நற்கருணையை வழங்கும் பணி எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஆலயச் சமூகத்தில், உண்டு என்பதை நான் அறிந்தே இருந்தேன். ஆனால் அது படுத்த படுக்கையாகிவிட்ட முதியோருக்கு உரியது என்றே எண்ணியிருந்தேன். 14 மாதங்களாக அப்பணியைப் பெற்றுவருபவள் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. பங்கு அலுவலகத்தில் என் பெயரை என் கணவர் கொடுத்து மூன்று வாரங்களாகியும் எவரும் வரவில்லை. எழுதிய சீட்டு எங்கோ தவறியிருந்தது. முதலில் வந்தவர், ஆண்டவர் தாம் நேசிப்பவர்களையே சோதிக்கிறார் என்று நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். நல்ல மனத்தோடுதான் சொன்னார் என்றாலும், அன்றிரவு முழுவதும் அந்த நேசத்துக்கு அஞ்சியபடியே நான் விழித்துக் கிடந்தேன். நோயாளரிடம் அனுப்பப்படுவோருக்கு, எதைச் சொல்லக் கூடாது என்ற பயிற்சியே முதலில் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து வந்த நற்கருணைப் பணியாளர்தான் இன்றுவரை வருகிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, அவரை அக்கா என்றே அழைக்கிறேன். முதல் நாளே அவர் மூன்று கேள்விகள் கேட்டார்: டயாலிசிஸ் எந்தெந்த நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், விழுங்குவதில் சிரமம் உண்டா. நான் உண்ணக்கூடாத பழங்களையும் குடிக்கக்கூடாத சாறுகளையும் அன்போடு கொண்டுவந்து வைத்த பலருக்கிடையே, என் உடலைப் பற்றி என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். வெள்ளைத் துணி விரித்து, சிலுவையும் மெழுகுதிரியும் வைத்து, சிமிழிலிருந்து நற்கருணையை எடுப்பார்; நாக்கு வறண்டிருக்கும் நாளில் சிறு துண்டு மட்டுமே தந்து, ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கச் செய்வார். 20 நிமிடங்களுக்கு மேல் அமர்வதில்லை. வியாழக்கிழமை வருவதாகச் சொன்னவர், இந்த 14 மாதங்களில் இரண்டே முறைதான் வரவில்லை. அந்த இரண்டு முறையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இப்பணியில் நான் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணா நோன்பு காக்க வேண்டும் என்ற விதி நோயாளருக்கும் முதியோருக்கும் மட்டுமன்றி, அவர்களைப் பராமரிப்போருக்கும் தளர்த்தப்பட்டுள்ளது. அதைச் சொல்லித்தான் அக்கா என் கணவரையும் என் அருகில் அமரச் செய்தார். நோயாளியை மட்டும் நலம் விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் நடுவே, என் கணவரிடம் தூக்கம் எப்படி என்று கேட்ட முதல் ஆள் அக்காதான். திருமணத்தன்று, உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாயிருப்பேன் என்று நாங்கள் வாக்களித்தபோது அச்சொல்லின் எடை எங்கள் இருவருக்குமே தெரியாது. சோர்வும் எரிச்சலுமாக ஒருவரையொருவர் பார்க்காமல் கழிந்த நாள்களுக்குப் பிறகு, வாரத்தில் ஒரு நாளாவது அருகருகே அமர்ந்து ஒரே உணவைப் பெற்றுக்கொண்டது எங்களை மீண்டும் பேச வைத்தது.

நோயாளருக்காக மன்றாடி எண்ணெய் பூசும் திருச்சடங்கான நோயில்பூசுதல் அருட்சாதனத்தை வழங்கப் பங்குத்தந்தை வருவார் என்று சொல்லப்பட்டதும் என் மாமியார் அழுதுவிட்டார்; அவருக்கு அது இன்னமும், சாகும் வேளையில் தரப்படும் ‘அவஸ்தைப்பூசுதல்’தான். இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று எனக் கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தி இத்தனை ஆண்டுகளாகியும் அந்த அச்சம் வீடுகளை விட்டுப் போகவில்லை என்பதால், வருகைக்கு முன்பே குடும்பத்தாருக்கு விளக்கம் தருவது பணியின் பகுதியாக வேண்டும். குருவானவர் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். ஊசிகள் குத்திக் குத்தி நான் மறைத்து வைக்கப் பழகியிருந்த கைகள் அவை. சிறுநீரகங்கள் மீண்டும் செயல்படவில்லை; ஆனால் அடுத்த சிகிச்சைக்குப் போகும்போது இருந்த நடுக்கம் வெகுவாகத் தணிந்திருந்தது. நோய் கடுமையானால் இந்த அருட்சாதனத்தை மறுபடியும் பெறலாம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

நண்பர்கள் பலர் மெல்ல மெல்ல வராமல் போனதை இப்போது குறையாகச் சொல்ல மனமில்லை. நீண்ட நோயின் முன் என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நம்பத்தக்க நண்பரை நலம் தரும் மருந்துக்கு ஒப்பிடுகிறது விவிலிய நூலான சீராக்கின் ஞானம். அக்காவோ இதுவரை எனக்கு அறிவுரை எதுவும் சொன்னதில்லை. வியாழக்கிழமை தவறாமல் வருகிறார், அவ்வளவே.

பெயர் கொடுக்க விரும்புவோர் சிகிச்சை நாள்களையும் களைப்பு மிகுந்த நேரங்களையும் எழுத்தில் தருவது நல்லது. ஒரு வாரத்துக்குள் எவரும் வராவிட்டால் தயங்காமல் மீண்டும் கேளுங்கள். உடனிருந்து பராமரிப்பவரின் பெயரையும் அதே சீட்டில் சேர்த்து எழுதுங்கள்.