தாண்டிக்குடியா, ஏற்காடா, சிக்மகளூரா: இந்த வருசக் காப்பிக் கொட்டை

காரைக்குடியில் காப்பி வறுத்து அரைத்துக் கொடுப்பவனிடம் எல்லோரும் முதலில் கேட்பது "பீபரி இருக்கா?" என்றுதான். இருக்கிறது. ஆனால் பீபரி என்றால் பழத்துக்குள் இரண்டு கொட்டை விளைய வேண்டிய இடத்தில் ஒன்றே உருண்டையாக விளைந்தது, அவ்வளவுதான். எந்த மலை, எப்படிக் காய வைத்தார்கள் என்றெல்லாம் அது சொல்லாது. 'பிளாண்டேஷன் ஏ' என்பதும் 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற, கழுவிய அராபிகா இனக் கொட்டைதான், ருசிக்கு யாரும் கொடுத்த சர்டிபிகேட் இல்லை. அதனால் இந்தத் தடவை பேரை மறந்துவிட்டு, புது அறுவடையில் மூன்று சாம்பிளை வரவழைத்து வரிசையாக வைத்துக் குடித்துப் பார்த்தேன்: பழனி மலைத் தாண்டிக்குடி வாஷ்டு (தோலை நீக்கிக் கழுவிக் காய வைத்தது), சேர்வராயன் மலை ஏற்காடு நேச்சுரல் (பழத்தைத் தோலோடு அப்படியே காய வைத்தது), கர்நாடகத்துச் சிக்மகளூர் ஏஏ ('ஏ'-யை விடப் பெரிய கொட்டை).

குடிப்பதற்கு முன்னால் மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பாதி வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. சிக்மகளூருக்குப் பெருமழை ஆனி, ஆடியிலேயே கொட்டிவிடும். டிசம்பர், ஜனவரியில் பழம் பறிக்கும்போது பெரும்பாலும் நல்ல வெயில். பழனி மலைக்கும் சேர்வராயன் மலைக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. நம்ம ஊருணியை நிரப்பும் அதே ஐப்பசி, கார்த்திகை மழைதான் அங்கே பழம் பழுக்கிற நேரத்தில் இறங்கி, பழத்தை வெடிக்க வைத்து, களத்தில் காய்வதையும் பூஞ்சை பிடிக்க வைக்கிறது. பழத்தைத் தோலோடு வாரக்கணக்கில் காய வைக்கும் நேச்சுரலுக்கு இது பெரிய சூதாட்டம். ஆகவே இந்த இரண்டு மலையிலும் நேச்சுரல் வாங்குவதாக இருந்தால் எந்த மாதம் பறித்தது என்று கட்டாயம் கேளுங்கள். எனக்கு வந்த ஏற்காடு சாம்பிள் மழை விட்ட பிறகு, தை மாதம் பறித்தது. தப்பித்தது.

கப்பிங், அதாவது வரிசையாக வைத்து ருசி பார்ப்பது, வழக்கமான முறைதான். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள், நாலு நிமிசம் கழித்து மேலே கட்டிய ஏட்டை உடைத்து மோந்து பார்ப்பது. தண்ணீர் எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர். கேன் தண்ணீரில் ஒரு தடவை செய்து பார்த்தபோது மூன்றுமே ஒரே மாதிரி சப்பென்று இருந்தது, அது தனிக் கதை.

கறுப்பாகக் குடித்தபோது ஏற்காடுதான் ஜெயித்தது, சந்தேகமே இல்லை. பலாச்சுளையை நாலு நாள் மூடி வைத்துத் திறந்த மாதிரி ஒரு வாசம், ஆறினால் திராட்சை. கடைப் பையன் இதையே எல்லாருக்கும் கொடுக்கலாம் என்றான். அப்புறம் அதே கொட்டையைக் கொஞ்சம் கூட வறுத்து, பில்டரில் டிகாஷன் இறக்கி, பால் ஊற்றிக் கொடுத்தேன். என் அப்பத்தா ஒரு மடக்குக் குடித்துவிட்டு "பால் திரிஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டார். நேச்சுரலின் புளிப்பு கலந்த பழவாசம் பாலோடு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும், அதில் சிக்கரியும் போட்டால் காசு கொடுத்து வாங்கிய அந்த வாசமும் போய்விடும்.

தாண்டிக்குடி நேர் எதிர். கறுப்பாகக் குடித்தால் அடக்கமாக, லேசான ஏலக்காய் வாசத்தோடு இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்று கடந்து போயிருப்பேன். பால் ஊற்றியதும்தான் முழித்துக்கொண்டது. இருபது சதவீதம் சிக்கரி கலந்த பிறகும் காப்பி காப்பியாகவே தொண்டையில் நின்றது. கொட்டை எஸ்.795, கர்நாடகத்துப் பாலேஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940களில் வந்த பழைய ரகம், இன்னும் அசையாமல் நிற்கிறது. இன்னொரு வசதி, காலையில் மதுரை, வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினால் களத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பிவிடலாம்.

சிக்மகளூர் ஏஏ பார்க்க அழகு. ஒரே அளவு, நீலப்பச்சை நிறம், குறை சொல்ல ஒன்றுமில்லை. சாக்லேட் சாயல், கனமான டிகாஷன். 2019ல் புவிசார் குறியீடும் வாங்கிய பெயர். எனக்கிருக்கும் சங்கடம் வாங்கும் வழிதான். போன வருசம் ஒரு வியாபாரி புதுக்கொட்டை என்று அனுப்பிய மூட்டையில் அடியில் பாதி பழசு, வெளுத்துப் போய்ச் சாக்கு நாற்றம் அடித்தது. சாம்பிள் வேறு, வந்த சரக்கு வேறு. அதற்கு சிக்மகளூர் என்ன செய்யும், ஆனால் அவ்வளவு தூரம் போய்ச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. முன்பு அரசாங்கத்தின் காப்பி போர்டே எல்லாத் தோட்டத்துக் கொட்டையையும் வாங்கி ஒன்றாகச் சேர்த்துத்தான் விற்றது; 1996ல்தான் விவசாயிகள் முழுவதையும் தாங்களே விற்கலாம் என்று ஆனது. இத்தனை வருசம் கழித்தும் நடுவில் இருப்பவரை நம்பி வாங்குவதென்றால் மனசு ஒப்பவில்லை.

தாண்டிக்குடியில் மூன்று மூட்டை சொல்லிவிட்டேன், கொட்டையில் ஈரம் பதினொரு சதவீதத்துக்கு மேல் போனால் ஏற்றாதீர்கள் என்று சொல்லி. ஏற்காடு பத்தே கிலோ, கானாடுகாத்தானில் வெளிநாட்டு விருந்தாளிகள் தங்கும் வீடுகளுக்கு. அவர்கள் பால் கேட்பதில்லை. பீபரி கேட்பவர்களுக்குத் தாண்டிக்குடியிலேயே சலித்து எடுத்த பீபரி இருக்கிறது, சித்திரையில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.