இளம் நாவலாசிரியருக்கு யோசா எழுதிய கடிதங்கள்: எழுத ஆரம்பிப்பவர்கள் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பெரு நாட்டு நாவலாசிரியர் மரியோ வர்கஸ் யோசாவின் இந்தப் புத்தகம் ஸ்பானிய மொழியில் 1997-ல் வந்தது, நான் படித்தது நடாஷா விம்மரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. நாவல் எழுதுவது எப்படி என்று கேட்டு எழுதிய ஓர் இளைஞருக்கு யோசா போடும் பதில்களாக மொத்தம் 12 கடிதங்கள். அந்த இளைஞருக்குப் பெயர் கிடையாது, அவர் எழுதியதும் இதில் இல்லை.

ஜெனரல் ஓட்ரியாவின் சர்வாதிகாரத்தில் இருந்த பெருவின் தலைநகர் லிமாவில், பதினான்கு பதினைந்து வயதில், ஃபாக்னர், ஹெமிங்வே, காம்யூ என்று பெரிய எழுத்தாளர் யாருக்காவது எழுதி எழுத்தாளன் ஆவது எப்படி என்று கேட்க யோசாவுக்கும் ஆசை இருந்திருக்கிறது, ஆனால் இவர்கள் எங்கே பதில் போடப்போகிறார்கள் என்ற நினைப்பிலும் கூச்சத்திலும் எழுதாமலே விட்டுவிட்டார். முதல் கடிதத்தில் இதைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார், அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

உனக்குப் புகழ் வரும், பரிசு வரும் என்றெல்லாம் ஆசை காட்டவில்லை. எழுத்து என்பது வயிற்றில் குடியேறிய நாடாப்புழு மாதிரி, உன் வாழ்க்கை முழுவதையும் அதுதான் தின்னும், சம்மதமா என்று கேட்கிறார். அப்புறம் தன் தொழில் ரகசியங்களை எல்லாம் எடுத்து முன்னால் வைக்கிறார். ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி'யில் விவசாயக் கண்காட்சி நடக்கும்போது கீழே மேடையில் பிரமுகர்கள் சொற்பொழிவு, உரத்துக்குப் பரிசு, மாடியில் ரோடால்ஃப் எம்மாவிடம் காதல் வசனம், இரண்டையும் மாற்றி மாற்றி வைத்ததால் ஒன்றின் வாசனை மற்றதில் எப்படி ஏறுகிறது என்று அவர் பிரித்துக் காட்டும் இடத்தைப் படித்துவிட்டு, நான் உடனே நாவலை எடுத்து அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். ஹெமிங்வேயின் 'கொலையாளிகள்' சிறுகதை பற்றியும் அப்படித்தான். அதில் வரும் ஸ்வீடன்காரனை எதற்காகக் கொல்ல வந்தார்கள் என்று கதை சொல்வதே இல்லை, சொல்லாமல் விட்டதுதான் கதையைத் தாங்குகிறது. ஆளை மதித்து இவ்வளவு தூரம் உட்கார்ந்து விளக்குவதுதான் எனக்குத் தெரிந்து உண்மையான ஊக்கம், வெறும் பாராட்டில் இது கிடைக்காது.

குறை? யதார்த்தத்தின் தளங்கள் பற்றிய, அதாவது கதை நிஜ உலகத்தில் நடக்கிறதா கற்பனை உலகத்தில் நடக்கிறதா என்பது பற்றிய கடிதம் வகுப்புப் பாடம் மாதிரி இழுக்கிறது. ஃபாக்னரின் 'சாங்சுவரி' உட்பட பல நாவல்களின் முக்கியமான முடிச்சுகளை உதாரணத்துக்காக அவிழ்த்தும் விடுகிறார், அவற்றை இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் அந்தப் பக்கங்களைத் தள்ளிவைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள். பாதி எழுதிய நாவல் கையில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் நன்றாக உதவும்.