மகனுக்குப் பின்வரிசையில் நான்: எங்கள் பக்கத்துத் தெரு டேக்வாண்டோ வகுப்பு

டேக்வாண்டோ வகுப்பில் மரியாதை வயதுக்கு இல்லை, பெல்ட்டுக்குத்தான். மஞ்சள் பெல்ட் கட்டிய என் எட்டு வயது மகன் முன்னால் நிற்பான். நாற்பதைத் தொடப்போகும் நான் வெள்ளை பெல்ட்டோடு கடைசி வரிசையில். வீட்டில் அவனை அதட்டுகிறவள், இங்கே அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆறு மாதம் அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் படிக்கட்டில் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாஸ்டரே, "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, நீங்களும் வந்துடுங்க மேடம்" என்றார். திருச்சியில் ஒரு வீட்டு மொட்டை மாடி, மேலே தகரக் கூரை, தரையில் ஒன்றோடொன்று கோத்த ஃபோம் பாய். வாரம் மூன்று நாள், மாலை ஆறு மணி. மாதம் 1,000 ரூபாய். சித்திரையில் அந்தத் தகரம் ஏழு மணிக்கும் அனலாகக் கக்குகிறது. இருக்கும் இரண்டு ஃபேன் போதாது.

முதல் வாரம் நின்றதும் குனிந்து வணங்கியதும் "ஹனா, துல், செட்" என்று கொரிய மொழியில் எண்ணியதும்தான். அப்புறம் ஆப் சாகி, அதாவது நேராக முன்னால் உதைப்பது. கால் விரல்களை மேல்நோக்கி மடக்கி, விரல்களுக்குக் கீழே இருக்கும் சதையால் அடிக்க வேண்டும். நான் விரலை மடக்க மறந்தேன். பெயருக்கேற்ற ஆப்பு: கட்டைவிரல் வீங்கி இரண்டு நாள் செருப்பு போட முடியவில்லை.

இந்த வகுப்பை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் டோல்யோ சாகி சொல்லிக்கொடுத்த விதம். இது பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் உதை. உதைக்கிற காலைத்தான் எல்லோரும் பார்ப்போம்; விஷயம் ஊன்றிய காலில் இருக்கிறது. அந்தக் குதிகால் அடிக்கும் திசைக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் திருகல் முழுவதும் முட்டிக்குப் போகும். மாஸ்டர் தரையில் உட்கார்ந்து, என் குதிகாலுக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டு, "இது வாசலைப் பார்க்கணும்" என்றார். காலைத் தூக்கவே விடவில்லை; நான்கு வகுப்பு குதிகாலைத் திருப்புவது மட்டும்தான். எரிச்சலாக இருந்தது. ஐந்தாவது வகுப்பில் உதைத்துப் பழகும் பேட் ஒன்றை நீட்டினார். இரண்டு தட்டையான துண்டுகள் ஒட்டிய மாதிரி இருக்கும் அது, சரியாகப் பட்டால் மட்டும் 'பளார்' என்று சத்தம் போடும். போட்டது. முன்வரிசையிலிருந்து மகன் திரும்பிப் பார்த்தான்.

சரி, குறைக்கு வருகிறேன். பெல்ட் டெஸ்ட்டுக்குத் தனியாக 900 ரூபாய் என்பதைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை; மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட். டோபோக் என்ற சீருடையையும் அங்கேயேதான் வாங்க வேண்டும், 1,300. வளருவான் என்று மகனுக்குப் பெரிய சைஸைக் கொடுத்ததில் கால்சட்டையைப் பாதத்தில் மிதித்து இரண்டு முறை விழுந்தான். போட்டி நெருங்கினால் பெரியவர்களை மறந்தே விடுகிறார்கள். மூலையில் நின்று நாங்களே எண்ணிக்கொண்டு உதைப்போம்.

ஆனால் இதற்கு முன் போய்ப் பார்த்த வேறொரு இடத்தில், "ரெண்டே வருஷத்துல பிளாக் பெல்ட்" என்றார்கள். சர்டிஃபிகேட் சியோலில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோனிலிருந்து வருமா என்று கேட்டேன், பேச்சை மாற்றினார்கள். இங்கே அதையே கேட்டதற்கு, பதினைந்து வயதுக்குள் பிளாக் பெல்ட் எடுத்தால் அங்கே 'டான்' என்ற தரம் கிடையாது, 'பூம்' என்றுதான் தருவார்கள், பெல்ட்டும் பாதி சிவப்பு பாதி கருப்பு என்று மாஸ்டர் பொறுமையாகச் சொன்னார். பிள்ளையைச் சேர்ப்பவர்கள் இந்தக் கேள்வியையும் டெஸ்ட் ஃபீஸையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மகன் இப்போது கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டு தேகூக் இல் ஜாங் என்ற முதல் அசைவுத் தொடரைப் பழகுகிறான். மொத்தம் 18 அசைவுகள், பதினோராவதில் தினமும் டீவி ஸ்டாண்டில் இடிக்கிறான். அடுத்த மாதம் எனக்கு மஞ்சள் பெல்ட் டெஸ்ட். அவனுக்கும் அன்றுதான் பச்சைக்கு. ஆக, வரிசை மாறப்போவதில்லை.