14416 மனநல போன் சேவை: 5க்கு 5, ஆஸ்பத்திரி வரிசைக்கு 2

பிரியாணிக்கும் மிக்ஸிக்கும் ரிவ்யூ போடறோம், இதுக்கு ஒருத்தரும் போடக்காணோம், அதான் நானே எழுதறேன்.

ஆற்காட்டுல டெய்லர் கடை வச்சிருக்கேன், ஸ்கூல் யூனிஃபார்ம் தான் மெயின். போன வருஷம் மே கடைசி, சீசன் உச்சத்துல இருக்கு, பேண்ட் துணியெல்லாம் வெட்டி சாக்பீஸ் மார்க் போட்டு சீட்டு குத்தி அடுக்கி கெடக்கு, நான் மிஷின் முன்னாடி உக்காந்துகினு பாபின்ல நூல் சுத்தறதுக்கே அரை மணி நேரம் எடுத்துக்கறேன். அழுகையெல்லாம் வரல. டிப்ரஷன்னா மூலையில குந்திகினு அழறதுன்னு தானே நாம நெனச்சிருக்கோம், எனக்கு வந்தது கோவம். காஜா போடற பையன் ஒரு பட்டன மாத்தி வச்சுட்டான்னு கைய ஓங்கிட்டேன், பாவம், பதினெட்டு வயசு கூட இல்ல அவனுக்கு. அப்புறம் வயித்து எரிச்சல், கழுத்து வலி, விடியக்காலை 3 மணி ஆனா டான்னு முழிப்பு. ஊட்ல முள்ளு கத்திரிக்கா காரக்கொழம்பு வச்சா சட்டிய வழிச்சு துன்ற ஆளு நானு, அது வாயில மண்ணு மாதிரி இருந்துச்சு.

கேஸ் டிரபுள்னு ஓடினேன். ஸ்கேன், எண்டோஸ்கோபி, எல்லாம் நார்மல், எட்டாயிரம் போச்சு. அம்மா திருஷ்டின்னு சொல்லி மந்திரிச்சு தாயத்து கட்டிவிட்டாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல, அவங்களுக்கு தெரிஞ்சத பண்ணாங்க. பொண்டாட்டி தான் மெதுவா "இன்னாங்க, மனசு டாக்டர ஒருதரம் பாக்கலாமா"ன்னா. நான் குதிச்சேன் பாருங்க, "என்ன பாகாயம் கேஸ்னு முடிவே பண்ணிட்டியா?" வேலூர் பக்கம் உள்ளவங்களுக்கு இது புரியும், சிஎம்சி மனநல ஆஸ்பத்திரி அங்க இருக்கறதால சின்ன வயசுலேர்ந்து கிண்டலுக்கு "பாகாயம் பஸ் ஏறு"ன்னு சொல்லியே வளந்தோம். 1950கள்ல ஆரம்பிச்ச எடம், அட்மிட் ஆனா ஊட்டு ஆளும் கூடவே தங்கி பாத்துக்கணும்ங்கிற முறைய நம்ம நாட்ல முதல்ல கொண்டாந்தவங்கள்ல அவங்களும் ஒருத்தர், நமக்கு அது ஜோக்கு.

ஒரு ராத்திரி மூணு மணிக்கு மாடியில நின்னுகினு இருந்தேன், மனசு சரியில்லாத எடத்துக்கு போய்க்கினு இருந்துச்சு. பையன் ஸ்கூல் டைரி பின்னட்டையில பாத்த நம்பர் ஞாபகம் வந்துச்சு, 14416. டெலி மானஸ்னு 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்சது, நம்ம தமிழ்நாட்ல "நட்புடன் உங்களோடு"ன்னு பேர். காசு கெடையாது, 24 மணி நேரமும் உண்டு. தமிழ் எடுத்தேன், ஒரு பொண்ணு பேசிச்சு. பேர் சொல்ல தயங்கினேன், "பரவால்ல அண்ணா, பேசுங்க"ன்னுச்சு.

அறிவுரை வரும்னு பாத்தேன், வரல. கேள்வி தான். எத்தினி நாளா இப்படி, தூக்கம் எப்போ கலையுது, சாப்பாடு எப்படி, முன்ன புடிச்சதெல்லாம் இப்ப புடிக்குதா, எல்லாம் என்னால தான்னு தோணுதா, குடி உண்டா. ரெண்டு வாரத்துக்கு மேல நாள் பூரா இப்படியே இருந்தா சும்மா சோர்வுன்னு உட்றக்கூடாதாம், கோவமும் ஒடம்பு வலியும் கூட இதுல வருமாம், ஆம்பளைங்க நெறைய பேர் வயிறு, முதுகுன்னு தான் டாக்டர் கிட்ட போவாங்களாம். அப்புறம் நேரா கேட்டுச்சு, "செத்துரலாம்னு தோணுதா அண்ணா?" எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு. ஆமான்னு சொன்னா போலீஸ் வருமோன்னு பயம் வேற (அதெல்லாம் இல்ல, 2017 மனநல சட்டம் வந்ததுலேர்ந்து தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்களையே தண்டிக்கக்கூடாது, அவங்களுக்கு சிகிச்சை தான் குடுக்கணும், பின்னாடி தான் தெரிஞ்சுது). நான் பதில் சொல்லல. "சரி, ஊட்ல யார் இருக்காங்க? போன வைக்காம கீழ போய் அவங்கள எழுப்புங்க"ன்னுச்சு. படி எறங்கி போய் பொண்டாட்டிய எழுப்புனேன். அவ போன வாங்கி ஸ்பீக்கர்ல போட்டா, மூணு பேரும் அரை மணி நேரம் பேசினோம். அவ அழுதா. அப்ப தான் எனக்கும் வந்துச்சு.

போன்லயே சரியாயிடும்னு நெனைக்காதீங்க, டாக்டர நேர்ல பாக்கச் சொல்லித்தான் அனுப்புனாங்க. மூணாம் நாள் அவங்களே கூப்ட்டு போனீங்களான்னு கேட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல விரும்பல, டாக்டர் நல்லவர், வரிசை தான் கொடுமை, மூணு மணி நேரம் நின்னேன், வார்டு பையன் என் பேரையும் டிபார்ட்மெண்டையும் சேத்து காரிடார் பூரா கேக்கற மாதிரி கத்துனான், அங்கயே என் கஸ்டமர் ஒருத்தர் வேற இருந்தாரு. டாக்டர் தைராய்டு டெஸ்ட் எடுக்க சொன்னாரு, தைராய்டு கொறஞ்சாலும் இதே மாதிரி சோர்வு வருமாம். எனக்கு நார்மல். அப்புறம் தான் மாத்திரை.

மாத்திரை பத்தி ஒண்ணு சொல்லிடறேன், முதல் வாரம் வாந்தி வர மாதிரி இருந்துச்சு, வேற ஒண்ணும் மாறல, ஏமாத்திட்டாங்கன்னே நெனச்சேன். ரெண்டுலேர்ந்து ஆறு வாரம் ஆகும்னு முன்னாடியே சொல்லியிருந்தாரு, நான் தான் காதுல வாங்கல. நாலாவது வாரம் ஒரு நாள் முழிச்சு பாத்தா மணி ஆறு. அப்புறம் நல்லாயிடுச்சுன்னு நானே நிறுத்திப் பாத்தேன், தலை சுத்தி கட்டிங் டேபிள புடிச்சுகினு நின்னேன், டாக்டர் நல்லா திட்டுனாரு. நல்லானதுக்கு அப்புறமும் ஆறு மாசத்துக்கு மேல சாப்புடணுமாம், நிறுத்தறதும் அவர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா தான்.

காஜா பையன் இன்னும் என்கிட்ட தான் இருக்கான். போன மாசம் "அண்ணா, அந்த நம்பர் இன்னான்னீங்க, எங்க நைனாவுக்கு"ன்னு கேட்டான், பில்லு பின்னாடி எழுதிக் குடுத்தேன்.

அடுத்த செக்கப் 18ஆம் தேதி, வரிசைய நெனச்சா இப்பவே கால் வலிக்குது. அன்னிக்கு கடை மதியத்துக்கு மேல தான் தொறக்கும், பேண்ட் வாங்க வர்றவங்க பாத்துக்கோங்க.